கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒரு கடிகாரம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும் தடைக்காலத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் இராமநாதபுரம் கடலோர ஊர்களில் கபடி களைகட்டும். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நடக்கும் போட்டிகள் தனி. கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்களில் கோப்பைக்கு மோதுகிற அதே பையன்கள்தான் விடுமுறையில் ஊர் அணிக்கும் ஆடுகிறார்கள். இந்த ஆட்டங்களின் செய்தி மாவட்டப் பக்கத்தில் வரும்போது பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: கடைசி நிமிடங்களில் அபாரமாக ஆடிக் கோப்பையைக் கைப்பற்றினர்.

அந்தக் கடைசி நிமிடங்களில் என்ன நடந்தது என்பது திடலைச் சுற்றி நின்றவர்களுக்கே பல நேரம் தெரிவதில்லை. ஆறு புள்ளி பின்னால் கிடந்த அணி எப்படி மேலே வந்தது, முன்னால் நின்ற அணி எந்த இடத்தில் விட்டது என்று புரியாததால் தோற்ற பக்கம் நடுவரைச் சந்தேகிக்கிறது. ஜெயித்த பக்கம் அதிர்ஷ்டம் என்கிறது. இரண்டு பேச்சும் ஆடியவர்களின் உழைப்பைக் குறைக்கிறது. கபடியில் கடைசி ஐந்து நிமிடம் முழுக்க முழுக்க எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஆட்டத்தை நடத்த வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் கணக்கு. ஆண்கள் ஆட்டம் 20 நிமிடம் ஒரு பாதி, 5 நிமிட இடைவேளை, மறுபடி 20 நிமிடம். ஒரு ரெய்டுக்கு, அதாவது ஒருவர் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்த் திரும்புவதற்கு, 30 விநாடி. ஒரு ரெய்டு முடிந்தால் அடுத்த அணி 5 விநாடிக்குள் ஆளை அனுப்ப வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் என்பது 300 விநாடி. இரண்டு அணியும் முழு 30 விநாடியையும் எடுத்துக்கொண்டால், இடைவெளியும் சேர்த்து, ஒரு சுற்றுக்கு 70 விநாடி வரை போகும். ஆளுக்கு நான்கு ரெய்டுதான், ஐந்தாவது கிடைத்தால் லாபம். பின்னால் இருக்கிற அணி தன் ரெய்டை 15 விநாடியில் முடித்து, வெளியே வந்ததும் எதிரணியை உடனே ஆள் அனுப்ப வைத்தால், சுற்று 50 விநாடிக்கு இறங்கும். அப்போது ஆளுக்கு ஆறு ரெய்டு. இந்த ஒன்றிரண்டு கூடுதல் ரெய்டில்தான் பல கோப்பைகள் கைமாறுகின்றன. பின்னால் இருக்கிற அணியின் ரெய்டர் எதிர்ப்பக்கம் போய் 25 விநாடி ஆட்டம் காட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பினால், கூட்டம் கைதட்டலாம். அவன் தன் அணிக்குச் சேர வேண்டிய ஒரு ரெய்டைச் செலவழித்துவிட்டு வந்திருக்கிறான்.

அடுத்தது மூன்றாவது ரெய்டு. தொடர்ந்து இரண்டு ரெய்டு புள்ளி இல்லாமல் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், எடுக்காமல் திரும்பினால் ரெய்டர் அவுட். டூ ஆர் டை ரெய்டு என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். முன்னால் இருக்கிற அணி ‘போய் வா, புள்ளி வேண்டாம்’ என்று நேரம் கடத்த நினைத்தால், ஆறு ரெய்டில் இரண்டு முறை இந்தக் கட்டாயத்தில் வந்து மாட்டும். நேரத்தை மட்டும் வைத்து முன்னிலையைக் காப்பாற்ற முடியாதபடி விதியே அமைந்திருக்கிறது.

மூன்றாவது, சூப்பர் டேக்கிள். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது ரெய்டரைப் பிடித்துவிட்டால் ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டு. வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் மட்டும் உள்ளே வருவார், கூடுதல் புள்ளிக்கு ஆள் வர மாட்டார். ஆள் குறைந்து நிற்கிற அணியைப் பார்த்து ‘முடிந்தது’ என்று நினைப்பது இதனால்தான் தப்பு. மூன்று பேர் நிற்கிற பக்கத்தில்தான் இரண்டு புள்ளி காத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். ஐந்து நிமிடம் மீதி. ஒரு அணி 30, அதை முன்னணி என்போம். மற்றது 24, அது பின்னணி. முன்னால் இருக்கிற அணிக்கு ஏழு பேரும் களத்தில். பின்னால் இருக்கிற அணிக்கு மூன்றே பேர். முன்னணியின் ரெய்டர் ஆல் அவுட் ஆக்கிவிடும் (எதிரணி முழுவதையும் வெளியேற்றிவிடும்) ஆசையில் உள்ளே நுழைகிறார். கார்னர் (ஓரத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) கணுக்காலைப் பிடிக்க, மற்ற இருவரும் மேலே விழுகிறார்கள். சூப்பர் டேக்கிள், 26–30. பின்னணிக்கு நான்கு பேர், முன்னணிக்கு ஆறு. எதிரே ஆறு பேர் நிற்பதால் போனஸ் கோடு (தாண்டினாலே ஒரு புள்ளி தரும் கோடு) திறந்தே இருக்கிறது. பின்னணி ரெய்டர் போனஸும் எடுத்து ஒருவரைத் தொட்டும் வருகிறார்: 28–30. தொட்டதற்கு ஓர் ஆள் உள்ளே வருவார், போனஸுக்கு வர மாட்டார். ஐந்துக்கு ஐந்து. இப்போது முன்னணிக்குப் பயம் பிடிக்கிறது. வெறும் ரெய்டு (புள்ளி இல்லாதது) ஒன்று. பின்னணி ரெய்டர் ஓடிக்கொண்டே கையால் ஒரு தொடுதல், 29–30. முன்னணி மறுபடியும் வெறும் ரெய்டு. பின்னணி இன்னொரு தொடுதல், 30–30. களத்தில் ஏழுக்கு மூன்று. முன்னணிக்கு இது மூன்றாவது ரெய்டு, போய்த்தான் ஆக வேண்டும், எதிரே ஏழு பேர் வரிசை கட்டி நிற்கிறார்கள். பிடி விழுகிறது: 31–30. இதுவரை செலவானது மூன்றரை நிமிடம்தான்.

இந்த இடத்தில்தான் விஷயம் தெரிந்த பயிற்சியாளரும் தெரியாதவரும் பிரிகிறார்கள். இப்போது முன்னணிக்கு இரண்டே பேர். கூட்டம் முழுக்க ‘ஆல் அவுட் ஆக்கு’ என்று கத்தும். இரண்டு பேரையும் தொட்டால் இரண்டு, ஆல் அவுட்டுக்கு இரண்டு, மொத்தம் நான்கு புள்ளி. ஆனால் போகிறவர் மாட்டிக்கொண்டால் சூப்பர் டேக்கிள் அந்தப் பக்கம் போய்விடும், 31–32. ஒரே பிடியில் ஆட்டம் திரும்பவும் கைமாறும். முந்தின ரெய்டில் புள்ளி எடுத்திருப்பதால் இந்த அணிக்கு வெறும் ரெய்டு கணக்கு இப்போதுதான் தொடங்குகிறது. அதனால் பாக் கோட்டை (ரெய்டர் தாண்டியே ஆக வேண்டிய கோட்டை) ஒரு முறை ஒழுங்காகத் தாண்டி, கார்னர் கைக்கு எட்டாமல் நின்று, 26 விநாடி பாடிவிட்டுத் திரும்புவதே சரி. மீதி ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எதிரணியின் இரண்டு பேர் பாடட்டும். அங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு. தன் பக்கம் ஏழு பேர் நிற்பதால் வருகிறவருக்குப் போனஸ் கிடைக்கும். போனஸை விட்டுக்கொடுத்தால் 31–31. ஆகவே இரண்டு கார்னரும் வழக்கத்தைவிட ஓர் அடி முன்னால் நின்று, போனஸ் கோட்டுக்கு நீளும் காலுக்கு எதிராகவே நிற்க வேண்டும்.

பாக் கோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நடுக்கோட்டிலிருந்து ஆண்களுக்கு 3.75 மீட்டர், அதிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே போனஸ் கோடு. பாக் கோட்டைத் தாண்டாமல் திரும்புகிற ரெய்டர் அவுட். நேரம் கடத்தப் போகிறவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். ஒரு கால் கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையில் இருக்கும்போது மறுகால் தரையைத் தொடாமல் இருக்க வேண்டும். இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு விரலால் கோட்டைத் தடவிவிட்டு வருவது செல்லாது. களைத்துப் போன ரெய்டர் கடைசி நிமிடத்தில் காலைத் தூக்குவதில்லை, இழுக்கிறார். பக்கத்தில் நிற்கும் துணை நடுவர் குனிந்து பார்க்காவிட்டால் இது தெரியாது. போனஸுக்கும் இதே கால் கணக்குத்தான்.

முன்னிலையை விடுகிற அணிகள் செய்கிற பிழைகள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. அதிகம் நடப்பது, ரெய்டர் 30 விநாடியைத் தாண்டிவிடுவது. 28, 29 வரை இழுத்தடித்து, திரும்பும்போது ஒரு கை எட்டி அரை விநாடி தடுத்தால் போதும், அவர் அவுட், எதிரணிக்குப் புள்ளி, ஓர் ஆளும் உள்ளே. 20-லும் 25-லும் பெஞ்சிலிருந்து ஒருவர் குரல் கொடுக்க வேண்டும், அந்த வேலை ஒரே ஆளுக்குத்தான் இருக்க வேண்டும். ஏழு பேர் ஏழு விதமாகக் கத்தினால் பாடுகிறவர் காதில் எதுவும் ஏறாது. கச்சான் காற்று அடிக்கிற மாலையில் கடலோரத் திடலில் பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் குரலே சிதறிப் போகும். கையை உயர்த்திக் காட்டும் சைகையையும் பழக்கி வைத்திருப்பது நல்லது.

அடுத்த பிழை, தேவையில்லாத பிடி. எதிரணி ரெய்டர் முதல் ரெய்டுக்கோ இரண்டாவது ரெய்டுக்கோ வரும்போது அவரைப் பிடிக்க வேண்டிய அவசியம் முன்னணிக்கு இல்லை. பின்வாங்கி நின்றால் வெறும் ரெய்டு, நேரமும் ஓடும். ஆனால் கார்னரில் நிற்கிற பையன் கைதட்டலுக்காகக் கணுக்காலுக்குப் பாய்கிறான், கால் நழுவுகிறது, அவனைக் காப்பாற்றப் போன கவரும் (பக்கத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரனும்) தொடப்படுகிறான். ஒரு புள்ளியும் போக வேண்டாத இடத்தில் இரண்டு. கையைக் கோத்து நிற்கும் சங்கிலியை ஒருவன் முந்திக்கொண்டு அறுத்தால், அந்த இடைவெளி வழியாகத்தான் ரெய்டர் வெளியே போகிறார்.

இன்னொன்று, பாட்டு விடுவது. ‘கபடி கபடி’ என்று மூச்சு விடாமல் தெளிவாகப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் அடிப்படை விதி. 38-ஆவது நிமிடத்தில் பல ரெய்டர்கள் வாயை மட்டும் அசைக்கிறார்கள். முதல் பாதியில் கண்டிப்பாகப் பார்த்த நடுவர் கடைசியில் கண்டும் காணாமல் விட்டாலும் அநியாயம். முதல் பாதி முழுக்க விட்டுவிட்டுக் கடைசி ரெய்டில் திடீரென்று பிடித்தாலும் அநியாயம். ஐந்தாவது நிமிடத்தில் எந்த அளவோ அதே அளவு முப்பத்தொன்பதாவது நிமிடத்திலும் இருக்க வேண்டும்.

பெரிய மேடைகளிலும் இதே கணக்குத்தான் ஓடுகிறது. 2016-ல் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இடைவேளையின்போது இந்தியா ஈரானிடம் 13–18 என்று பின்தங்கியிருந்தது. முடிவில் 38–29 என்று ஜெயித்தது. அஜய் தாக்கூர் தனியாக 12 புள்ளி எடுத்தார். பிறகு தமிழ் தலைவாஸ் அணியில் ஆடியவர் என்பதால் நம் ஊர்ப் பையன்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். 2022 டிசம்பரில் புரோ கபடி எலிமினேட்டரில் தமிழ் தலைவாஸும் உ.பி. யோதாஸும் 36–36 என்று சமநிலையில் நிற்க, டை பிரேக்கரில் தலைவாஸ் 6–4 என்று தாண்டியது. அடுத்த ஆட்டமான அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37–39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. இரண்டு ஆட்டமும் ஒன்றிரண்டு ரெய்டில் முடிவானவை.

எல்லாவற்றையும்விடப் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டியது 2023 அக்டோபர் 7 அன்று சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28–28. ஏறத்தாழ ஒரு நிமிடம் மீதி இருக்கையில் பவன் செராவத் டூ ஆர் டை ரெய்டுக்குப் போனார். யாரையும் தொடாமலே லாபிக்குள் (திடலின் பக்கவாட்டு ஓரப் பட்டைக்குள்) கால் வைத்துவிட்டார். அவரைத் துரத்திய ஈரான் வீரர்களும் லாபிக்குள் வந்துவிட்டார்கள். பழைய விதிப்படி தொடுதல் இல்லாமல் லாபிக்குள் வந்த அத்தனை பேரும் அவுட். புதிய விதிப்படி ரெய்டர் மட்டும் அவுட். எந்த விதி என்பதில் தீர்ப்பு மாறி மாறி வந்தது, இரண்டு அணியும் களத்தில் உட்கார்ந்துகொண்டன, ஆட்டம் ஒரு மணி நேரம் அளவுக்கு நின்றது. கடைசியில் இந்தியாவுக்கு நான்கு, ஈரானுக்கு ஒன்று என்று கொடுத்து 32–29 ஆனது, பிறகு இன்னொரு புள்ளியும் சேர்ந்து 33–29 என்று இந்தியா தங்கம் வாங்கியது. அதே நாளில் நம் பெண்கள் அணி சீன தைபேயை 26–25 என்று ஒரே புள்ளியில் ஜெயித்தது. சர்வதேச நடுவர்களும் கேமராக்களும் இருந்த இடத்திலேயே லாபி விதி இத்தனை குழப்பத்தைக் கிளப்பியது என்றால், ஒலிபெருக்கியும் ஒரு செல்போன் கடிகாரமும் மட்டும் இருக்கிற திடலில் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு, லாபிக்கு எந்த விதி, டூ ஆர் டை உண்டா, சூப்பர் டேக்கிள் உண்டா, சமநிலை வந்தால் என்ன முறை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் முக்கால்வாசிச் சண்டை பிறக்கவே பிறக்காது. இரண்டு நிமிட வேலை.

இனி மேசை. போட்டி நடத்துகிற கமிட்டிகளிடம் நாங்கள் கேட்பது பணச் செலவு அதிகம் இல்லாத காரியம். ஒரு நடுவர், இரண்டு துணை நடுவர்கள், ஒரு ஸ்கோரர், இரண்டு துணை ஸ்கோரர்கள் என்று ஆறு பேர் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் ஸ்கோரர் ஒருவரே எல்லாவற்றையும் பார்க்கிற வழக்கம் இருக்கிறது. அவர் புள்ளி எழுதுவதா, விநாடி பார்ப்பதா, யார் முதலில் வெளியே போனவர் என்று கவனிப்பதா? வெளியே போன வரிசைப்படிதான் ஆட்கள் உள்ளே வர வேண்டும். கடைசி நிமிடத்தில் நல்ல ரெய்டரை வரிசை தாண்டி உள்ளே தள்ளிவிடுகிற வேலை நடப்பது இதைக் கவனிக்க ஆள் இல்லாததால்தான். துணை ஸ்கோரர் ஒவ்வொரு பக்கத்திலும் வெளியே உட்காரும் இடத்தின் அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். வெளியே வருகிறவரின் பனியன் எண்ணை வரிசையாக எழுத வேண்டும்.

நேரத்துக்கு இரண்டு கடிகாரம், இரண்டு ஆள். ஒன்று ஆட்ட நேரத்துக்கு, ஒன்று ரெய்டின் 30 விநாடிக்கு. செல்போனில் பார்ப்பதாக இருந்தால் அந்தப் போனுக்கு அழைப்பு வராதபடி வைத்துவிட்டு உட்கார வேண்டும். டைம் அவுட் சொன்ன விநாடியில் கடிகாரம் நிற்க வேண்டும், எத்தனை நிமிடம் எத்தனை விநாடி மீதி என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் மறுபடி ஓட வேண்டும். அடிபட்டு ஒருவர் விழுந்தாலும் இதேதான். முன்னால் இருக்கிற அணி விழுந்து கிடப்பதும் பின்னால் இருக்கிற அணி பதறுவதும், கடிகாரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று யாருக்கும் தெரியாததால் வருகிற வினை.

புள்ளிப் பலகையில் புள்ளி மட்டும் இருந்தால் போதாது. களத்தில் எத்தனை பேர், இது எத்தனையாவது வெறும் ரெய்டு, இரண்டும் தெரிய வேண்டும். இதற்கு மின்பலகை வேண்டாம். மேசையில் ஒவ்வொரு அணிக்கும் இரண்டு சின்னக் கொடி போதும். முதல் வெறும் ரெய்டுக்கு ஒரு கொடி, இரண்டாவதுக்கு இரண்டு. இரண்டு கொடி நிற்கிறது என்றால் அடுத்தது டூ ஆர் டை என்று மணலில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கும் தெரிந்துவிடும். இதைச் செய்த நாளிலிருந்து கூட்டமே நடுவருக்குச் சாட்சி.

மைக் பிடிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குரல்தான் இந்த ஆட்டத்தைக் கரையெல்லாம் கொண்டுபோகிறது. கடைசி ஐந்து நிமிடம் மட்டும் பாட்டையும் நன்கொடையாளர் பட்டியலையும் நிறுத்திவிட்டு, புள்ளி, மீதி நேரம், எத்தனையாவது ரெய்டு, இந்த மூன்றை மட்டும் சொல்லுங்கள். நடுவரின் விசில் ஒலிபெருக்கிக்குள் அமுங்கிப் போனால் ரெய்டர் விசில் கேட்கவில்லை என்பார், அது உண்மையாகவும் இருக்கும்.

விசில் என்றதும் சொல்ல வேண்டிய முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. ஆட்ட நேரம் முடிகிற விநாடியில் ஒரு ரெய்டு நடந்துகொண்டிருந்தால், அந்த ரெய்டு முடியும் வரை ஆட்டம் முடியாது. அதில் வருகிற புள்ளியும் சேரும். ரெய்டர் எதிர்ப்பக்கத்தில் நிற்கும்போது 40 நிமிடம் ஆகிவிட்டது என்று விசில் ஊதி ஆட்டத்தை முடிப்பது தப்பு. நேரம் பார்க்கிறவர் கையைத் தூக்கி நடுவருக்குக் காட்டலாம், ஊதக் கூடாது. ரெய்டர் திரும்பியதும் அல்லது பிடிபட்டதும் நடுவர் ஊதுவார். நேரம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பிடியைத் தளர்த்திய கார்னரிடமிருந்து நழுவி ரெய்டர் கோட்டைத் தொட்டுவிட்டால் அது முழுப் புள்ளி. அதை மறுத்து நாற்காலியைத் தூக்குவதில் நியாயம் இல்லை. ஒவ்வொரு அணியின் பயிற்சியிலும் இதைச் சொல்லிக் கொடுத்து, விசில் கேட்ட பிறகும் நடுவர் கை காட்டும் வரை பிடியை விடாமல் பழக்க வேண்டும்.

சமநிலை வந்தால் ஐந்து ரெய்டு முறை. இரண்டு பக்கமும் ஏழு ஏழு பேர் களத்தில் நிற்பார்கள். ஒவ்வொரு அணியும் ஐந்து வெவ்வேறு ரெய்டர்களின் பெயரை வரிசைப்படி முன்னதாகவே நடுவரிடம் கொடுக்க வேண்டும். பாக் கோடே போனஸ் கோடாகவும் ஆகிவிடும். இதில் அவுட் ஆகி வெளியே போவதும் இல்லை, உள்ளே வருவதும் இல்லை, புள்ளி மட்டும் சேரும். அப்போதும் சமம் என்றால் டாஸ் போட்டுக் கோல்டன் ரெய்டு, அதாவது முடிவைத் தீர்மானிக்கும் ரெய்டு. ஐந்து வெவ்வேறு ஆள் என்பதுதான் நம் அணிகளுக்கு இடிக்கிற இடம். ஒரே ஒரு நல்ல ரெய்டரை வைத்துக்கொண்டு இறுதி வரை வருகிற அணிகளுக்கு இரண்டாவது ஆளுக்குப் பிறகு அனுப்ப ஆள் இருக்காது. போனஸ் எடுக்கத் தெரிந்த தடுப்பாட்டக்காரர்கள் மூன்று பேரையாவது தயார் செய்து வைப்பது கல்லூரி அணிகளின் வேலை. பாக் கோட்டிலேயே போனஸ் கிடைக்கும் என்பதால் இதில் தொடுவதைவிடக் காலை நீட்டுவதே லாபம்.

திடலைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. கடலோரத்தில் கோடு அழிவதுதான் கடைசி நிமிடச் சண்டைக்குப் பாதிக் காரணம். கோலப்பொடியாலோ சுண்ணாம்பாலோ போட்ட பாக் கோடும் நடுக்கோடும் முதல் பாதியிலேயே காலில் கரைந்துவிடும். மிச்சத்தைக் காற்று கொண்டுபோகும். மணல் திடல் என்றால் துணி நாடாதான் சரி. கோட்டின் அகலம் 3 முதல் 5 சென்டிமீட்டர். நாடாவை ஆணி அடித்து நிறுத்தக் கூடாது, பாயும்போது முழங்கால் கிழியும். நாடாவில் ஆங்காங்கே கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் சின்ன மரக்கட்டை கட்டி, ஓர் அடி ஆழத்தில் மணலுக்குள் புதைத்தால் அசையாது. இடைவேளை ஐந்து நிமிடத்தில் ஒருவர் போய் எல்லாக் கோட்டையும் இழுத்துச் சரிபார்க்க வேண்டும்.

ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12க்கு 8 மீட்டர். பெண்களுக்குப் பாக் கோடு 3 மீட்டரில். ஆண்கள் ஆட்டம் முடிந்த அதே கோட்டில் பெண்களை ஆடவிடுவது அவர்களுக்குச் செய்கிற அநீதி. 3.75 மீட்டர் போய்த் திரும்ப வேண்டிய கட்டாயத்தில் அவர்களுடைய ரெய்டு கணக்கே மாறிவிடும். அளக்கும்போது பக்கங்களை மட்டும் அளந்தால் திடல் கோணலாகப் போகும். மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். ஆண்கள் திடலுக்கு இரண்டு மூலைவிட்டமும் 16.40 மீட்டர், பெண்கள் திடலுக்கு 14.42 மீட்டர். இரண்டும் ஒன்றாக வந்தால் திடல் செங்கோணத்தில் இருக்கிறது.

மணலைக் கெட்டிப்படுத்தத் தண்ணீர் தெளிக்கும்போது, பக்கத்தில் இருக்கிறதே என்று கடல் தண்ணீரை எடுப்பவர்கள் உண்டு. ஈரம் சீக்கிரம் காயாது என்பது உண்மைதான். ஆனால் முழங்கையும் முழங்காலும் சிராய்ந்த பையன் அதில் விழும்போது எரிச்சல் தாங்காமல் பிடியை விடுவான். நல்ல தண்ணீரையே ஆட்டத்துக்கு முன்பே தெளித்து, மேல்மணல் இறுகியதும் சிப்பி, ஓடு, முள், கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று வரிசையாக நடந்து பொறுக்க வேண்டும். மேட் விரித்து ஆடினால் பிரச்சினை வேறு. தை மாதத்து இரவில் பனியும் உப்புக் காற்றும் சேர்ந்து மேட் வழுக்கும். அதிகம் வழுக்குவது நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், திரும்பி ஓடும் இடத்தில். ஒவ்வொரு டைம் அவுட்டிலும் இரண்டு பேர் காய்ந்த துணியோடு ஓடிப் போய்த் துடைக்க வேண்டும். விளக்கை இறுதிக் கோட்டுப் பக்கம் கட்டினால் உள்ளே போகிற ரெய்டரின் கண்ணில் நேராக அடிக்கும். பக்கவாட்டில், லாபிக்கு வெளியே, உயரமாகக் கட்டுங்கள்.

கடைசியாக உங்கள் பத்திரிகைக்கு. கல்லூரி இறுதி ஆட்டத்தின் செய்தியில் முடிவுப் புள்ளியோடு இன்னும் நான்கு தகவல் சேர்த்துப் போடுங்கள்: இடைவேளைப் புள்ளி, ஐந்து நிமிடம் மீதி இருக்கும்போது நின்ற புள்ளி, எத்தனை ஆல் அவுட், எத்தனை சூப்பர் டேக்கிள். நான்கும் ஸ்கோர் தாளில் இருக்கும், கேட்டால் ஸ்கோரர் தருவார். ஜெயித்த அணியின் ரெய்டர் படத்தைப் போடுகிற இடத்தில் ஒரு முறையாவது கடைசிப் பிடியைப் போட்ட கார்னரின் படத்தையும் போடுங்கள். அவர் பெயர் இதுவரை செய்தியில் வந்ததே இல்லை. நிருபர் தாளைக் கேட்கிறார் என்று தெரிந்தால், கமிட்டிகளும் தாளை ஒழுங்காக எழுத ஆரம்பிப்பார்கள்.

இப்படிக்கு,
கபடி நடுவர்கள், பயிற்சியாளர்கள் சிலர்,
இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்கள்.